என் பெயரை எடுத்த கை

எங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவனின் வீடு வருடத்துக்கு ஒருமுறை சுருங்கும். கார்த்திகை தீபம் நெருங்கும்போது வீட்டுக்காரர் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "முன்னாடி ரெண்டு ரூமையும் ஒதுக்கிக் குடுத்துடுங்க, பெங்களூரு பார்ட்டி வர்றாங்க" என்பார். நாங்களும் கட்டில், பீரோ, டிவி எல்லாவற்றையும் சமையலறைக்குள் நகர்த்திவிட்டு, அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் தீபம் முடியும்வரை குடும்பம் நடத்துவோம். முன்னறைகளில் முன்பின் தெரியாத பத்துப் பேர் குறட்டை விடுவார்கள். விடிகாலையில் நம் பாத்ரூமுக்கு நாமே வரிசையில் நிற்போம். கிரிவலப் பாதைக்குப் பக்கத்துத் தெருக்களில் இதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. மழைக்காலம், வெயில்காலம் மாதிரி இது ஒரு காலம்.

ஆனால் அந்த வருடம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி போடட்டுமா என்று என் மனைவி கேட்டதற்குப் போடுங்கள் என்றார். இவ்வளவு மரியாதை நல்லதற்கில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க ஒத்தக் காலுல நிக்கறானுங்க. தீபம் முடிஞ்சதும் வீட்டை இடிச்சிட்டு லாட்ஜ் கட்டறோம். தை பொறக்கறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கினீங்கன்னா நல்லாருக்கும்."

நான் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மார்கழி பஜனை என்று எங்கே மேடை போட்டாலும் அதில் முதலில் பேசுவது என் வாய்தான். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்து, தலைவர் வரும்வரை நாலு ஜோக் சொல்லிக் கூட்டத்தை உட்கார வைத்திருப்பேன். அந்த வாயிலிருந்து அன்றைக்கு "சரிங்க" என்ற ஒரு சொல்தான் வந்தது. அவர் காபியைக் குடித்துவிட்டு, "காபி நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் "சரிங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து வீடு தேடினேன். போகிற இடத்திலெல்லாம் "எத்தினி பேரு?" என்று கேட்டார்கள். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆகவே உண்மையைச் சொன்னேன். "ரெண்டு பேருங்க. எட்டு ஸ்பீக்கரு." அத்துடன் பேச்சு முடிந்துவிடும். ஸ்பீக்கரைச் சொல்லாமல் மறைத்த இடங்களில் வாடகையைச் சொன்னார்கள். அந்த வாடகைக்கு நான் தினமும் இரண்டு கல்யாணம் பிடிக்க வேண்டும். ஆடி மாதம் என்ன செய்வது?

தூக்கம் போயிற்று. சாம்பாருக்கு உப்புப் போடுவதற்குப் பதில் மனைவி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். உப்பு மறந்துபோன சாம்பாரை நானும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டேன். எங்கள் வீட்டின் நிலைமை அவ்வளவு மோசம்.

சேதி கொண்டுவந்தவர் மெத்தைக்கடை பாய். என் வயதுதான். பழக்கம் எவ்வளவு நாளென்றால், அவர் கடைத் திறப்பு விழாவுக்குப் பாட்டுப் போட்டவனே நான்தான். சொந்த வீட்டில் இருப்பவருக்கே உரிய நிதானத்தோடு பேசுவார்.

"வேங்கிக்கால் பக்கம் அரசாங்கத்துல அடுக்குமாடி கட்டி வுட்டுருக்கான். சொந்த வூடு இல்லாதவன் மனு போடலாம். மனு ஜாஸ்தி, வூடு கம்மி. அதனால குலுக்கலு. வுழுந்தா ஒன் அதிர்ஷ்டம். வுழலன்னா எங்கடைக்கு வா, மெத்தைங்க மேல படுத்துக்க. வித்துட்டா மட்டும் எழுந்துக்கணும்."

மனுவில் ஓர் உறுதிமொழி இருந்தது. எனக்கோ என் குடும்பத்தாருக்கோ இந்தியாவில் எந்தப் பகுதியிலும் சொந்த வீடு இல்லை. அதைப் படித்ததும் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது. காஷ்மீரில் ஒரு மாளிகை, கேரளத்தில் ஒரு தோட்ட வீடு என்று எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, இல்லை என்று தீர்மானித்துக் கையெழுத்துப் போடுகிறவன் மாதிரி நீட்டிப் போட்டேன். ஆபீஸை விட்டு வெளியே வந்ததும்தான் அந்த வாக்கியத்தின் பரப்பளவு புரிந்தது. இவ்வளவு பெரிய நாட்டில் ஓரிடத்திலும் இல்லை. படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை மொபெட்டில் உட்கார வைத்து அந்தக் கட்டடங்களைப் பார்க்கப் போனேன். வாட்ச்மேன் ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, பால்கனி என்று சொல்லத்தக்க ஓர் இடம். நான் பாத்ரூம் குழாயைத் திருகினேன், சுவரைத் தட்டினேன், கதவை ஆட்டினேன். வாங்குகிறவன் செய்வதையெல்லாம் செய்தேன். மனைவி உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிலைக்கு வெளியே சிமெண்டுத் தூசியில் நின்றாள்.

"உள்ள வாயேன்."

"நம்பளுதா ஆவறதுக்கு முன்னாடி நா காலு வைக்க மாட்டேன். வச்சிட்டா அப்புறம் இங்கியே தங்கிடும்."

"எது தங்கிடும்?"

"மனசுதான். இன்னா கேக்கறீங்க?"

நான் பால்கனிக்குப் போனேன். அங்கே மலை நின்றது. பிறந்ததிலிருந்து பார்க்கும் மலைதான். என் தெருவில் அது மேற்கே இருக்கும். கேபிள் ஒயருக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவில் ஒரு துண்டு தெரியும். அந்தத் துண்டைத்தான் இத்தனை வருடம் மலை என்று நினைத்திருக்கிறேன். இங்கிருந்து அது அடியிலிருந்து உச்சிவரை, எதுவும் குறுக்கே வராமல், வேறொரு தோள் திருப்பி உட்கார்ந்திருந்தது. மேகம் ஒன்று இடுப்பில் ஒட்டியிருந்தது. ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று திரும்பினேன். வாசலில் நின்றபடியே கழுத்தை நீட்டி அவளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் பயம் இரட்டிப்பாயிற்று. வேண்டுதல் ஆரம்பித்தேன். வீடு கிடைத்தால் மலையைச் சுற்றி அங்கப்பிரதட்சணமாக உருளுகிறேன் என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். பிறகு என் தொப்பையையும் பாதையின் நீளத்தையும் யோசித்து, செருப்பில்லாமல் நடக்கிறேன் என்று மாற்றினேன். சாமி எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குலுக்கல் மார்கழிக் கடைசியில், வேங்கிக்காலில் ஒரு பெரிய ஹாலில் நடந்தது. பாய் துணைக்கு வந்தார். எனக்கு மயக்கம் வந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று மனைவி ஏற்பாடு செய்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் பையோடு பெண்கள் பக்கம் போய்விட்டாள். கல்யாணக் கூட்டங்களை ஆயிரம் பார்த்தவன் நான். கல்யாணத்தில் ஜனங்கள் மேடையைத் தவிர எல்லாப் பக்கமும் பார்ப்பார்கள். இங்கே ஒரு கண்கூட மேடையை விட்டு நகரவில்லை. அங்கே இருந்தது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். ஹோட்டலில் தண்ணீர் பிடித்து வைப்பது மாதிரி. அதற்குள் எங்கள் எல்லாருடைய பெயரும் மடித்துக் கிடந்தது.

மேடையில் இருந்த அதிகாரி ஓர் அம்மா. எல்லாரும் மேடம் என்றார்கள். முறையை விளக்கினார்.

"சீட்டு நாங்க எடுக்க மாட்டோம். அப்புறம் எங்களைத்தான் சொல்லுவீங்க. யாருக்கு வீடு வுழுதோ அவங்களே மேடைக்கு வந்து, கையெழுத்துப் போட்டுட்டு, அடுத்த சீட்டை எடுத்துக் குடுத்துட்டுப் போவணும்."

முதல் சீட்டை மட்டும் முன்வரிசையில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். அங்கிருந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அதிர்ஷ்டம் போக ஆரம்பித்தது. பெயர் வாசித்ததும் அந்த ஆள் எழுந்திருப்பார். எழுந்தவருக்கு நடக்க மறந்துபோகும். பக்கத்தில் இருப்பவர்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு பெண் மேடைக்குப் போனதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூ விற்கிற ஒருவர், மேடத்தின் காலில் விழப்போய், மேடம் நகர்ந்துகொள்ள, மேஜையின் காலில் விழுந்து எழுந்தார். ஒவ்வொரு தடவையும் ஹால் கைதட்டியது. தங்களுக்கு ஒரு வீடு குறைந்துபோகிறது என்று தெரிந்தே தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே மனத்துக்குள் மிச்சத்தைக் கழித்துக்கொண்டும் இருந்தேன்.

மத்தியானம் நெருங்கியது. வீடுகள் தீர்ந்துகொண்டு வந்தன. அப்போது மேடம் ஒரு சீட்டைப் பிரித்து என் பெயரை வாசித்தார்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையின் பெயரை யாருக்காவது வைக்காத குடும்பம் இங்கே கிடையாது. மலைக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதால், அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று வைத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டால் டிரைவர், கண்டக்டர், பழக்கடைக்காரர் மூவரும் திரும்புவார்கள். ஆகவே எங்களை அப்பா பெயரும் தெருவும் சேர்த்துத்தான் அடையாளம் பிடிக்க முடியும். மேடம் பெயரை வாசித்து, அப்பா பெயருக்கு வாயைத் திறக்கும்போது, டொப்பென்று மைக் செத்துவிட்டது.

ஹாலில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் எழுந்து நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரே பெண்ணுக்குத் தாலி கட்ட வந்த மாப்பிள்ளைகள் மாதிரி இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை அவர் மனைவி அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டிலை வீசி எழுப்பினார். மேடம் மைக் இல்லாமல் ஏதோ சொன்னார். எல்லாரும் ஒரே நேரத்தில் "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டதில் அது காணாமல் போயிற்று.

"யோவ், குந்துய்யா. பாதி ஊரு எழுந்துகினு நிக்குது" என்று பாய் என் சட்டையை இழுத்தார்.

"நான்தான் பாய். எனக்குத் தெரியும்."

"அங்க நிக்கறவன் எல்லாம் அதைத்தான் சொல்லிக்கினு இருக்கான்."

என் கால்கள் பாயைக் கேட்கவில்லை. மைக் செத்தால் மேடைக்கு ஓடுவது அவற்றின் முப்பது வருடப் பழக்கம். அங்கே மைக் செட் போட்டவர் எனக்குத் தெரிந்த ஆள்தான், எங்கள் தொழிலில் போட்டிக்காரர். டீ குடிக்கப் போயிருந்தார். நான் மேடையேறி, "ஒரு நிமிஷம் மேடம்" என்று ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒயரைப் பார்க்க வேண்டியவன், பதற்றத்தில் வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு, பிறகு ஒயரை அழுத்தினேன். மைக் உயிரோடு வந்தது. ஹால் முழுக்க ஒரு ஊளை. மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நானூறு பேரோ ஐந்நூறு பேரோ, அத்தனை பேரும் பொத்திக்கொண்டார்கள். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் ஒரு மைக்கைத் தொட்டதில்லை. எங்கிருந்தோ டீ டம்ளரோடு ஓடிவந்த போட்டிக்காரர் வாசலிலேயே நின்று சிரித்ததும் எனக்குத் தெரிந்தது.

எப்படியோ குறைத்து, "இப்பப் பேசுங்க மேடம்" என்றேன்.

மேடம் சீட்டில் இருந்த அப்பா பெயரை வாசித்தார். நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அது என் அப்பாவின் பெயர்தான். நான் கையில் ஒயரோடு மேடையில் நின்றேன். கீழே இன்னும் ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நரைத்த மீசை, கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேடம் தெருவின் பெயரை வாசித்தார்.

பக்கத்துத் தெரு. என்னுடையது இல்லை.

அவர் மேலே வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"கூரியர்காரன் படுத்தறானே, அது நீங்கதானா?"

"நான்தாங்க."

வருடக்கணக்காக அவருடைய பார்சல்கள் எனக்கும் என்னுடையவை அவருக்கும் வந்துகொண்டிருந்தன. மற்றவர் தெருவில் இருக்கும் மளிகைக் கடையில் கொடுத்துவிடுவோம். ஒருதடவைகூட நேரில் பார்த்ததில்லை. அவருடைய கண்ணாடி நம்பர் எனக்குத் தெரியும். என் வங்கிக் கடனின் நிலவரம் அவருக்குத் தெரியும். இப்போது எனக்கு வந்திருக்க வேண்டிய வீடும் அவர் விலாசத்துக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கலாம் என்று பார்த்தேன், தாடை ஒத்துழைக்கவில்லை. கீழே இறங்கப் போனவனை மேடம் நிறுத்தினார்.

"நீங்க இங்கியே நில்லுங்க. மறுபடியும் மைக் போயிடப் போவுது."

பக்கத்துத் தெருக்காரர் கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி டிரம்முக்குள் கைவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். மேடம் அதைப் பிரித்தார். படிக்கவில்லை. அவரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கையில் இருந்த பழைய சீட்டைப் பார்த்தார்.

"ஐயா, ரெண்டு மனு போட்டிருக்கீங்களா?"

இந்தத் தடவை மைக் மிகத் தெளிவாக வேலை செய்தது.

"இல்லீங்களே மேடம்."

"உங்க பேரு, உங்க அப்பா பேரு, ரெண்டும் இதுல இருக்குது. ஒரே ஆளு ரெண்டு மனு போட்டா ரெண்டும் தள்ளுபடி. முதல்லியே சொன்னோமில்ல?"

ஹால் முழுக்க ஒரு முனகல். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கு என்ன நடக்கிறது என்று புரிய நேரம் பிடித்தது. அந்தச் சீட்டில் இருப்பது நான். என் பெயர், என் அப்பா, என் தெரு. அதை நான் சொல்ல வேண்டும். கையில் மைக் ஒயரும், முன்னால் மைக்கும், தொண்டையில் முப்பது வருட அனுபவமும் இருக்கின்றன. ஆனால் சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மைக் டெஸ்டிங்கூட வரவில்லை.

அவர்தான் பேசினார்.

"மேடம், அது நான் இல்ல. இதோ ஒயரைப் புடிச்சிக்கினு நிக்கறாரே, இவுரு. அடுத்த தெரு. தெருவு பேரைப் பாருங்க. இவுரு வரவழைச்ச மைக்கு ஒண்ணு எங்க வூட்டுக்கு வந்துட்ச்சு. என் பேத்தி ஒரு வாரம் அதுல பாடிட்டுத்தான் திருப்பிக் குடுத்தா. நாங்க ரெண்டு பேருதான் மேடம், ஒரு ஆளு இல்ல."

ஹால் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "ஆதார் எங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் பெண்கள் பக்கம் கையைக் காட்டினேன். என் மனைவி ஏற்கனவே மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்காரி அவள். இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தாள். பையைக் கவிழ்த்து, சாவி, மாத்திரை, விபூதிப் பொட்டலம், என் ஆதார் எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டினாள்.

"பாருங்க மேடம், நல்லாப் பாருங்க. இவுரு வேற, அவுரு வேற. இவுருக்கு இவ்ளோ வவுறு இருக்குது, அவுருக்கு எங்க இருக்குது?"

மேடம் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, இரண்டு அட்டைகளையும் இரண்டு முகங்களையும் ஒப்பிட்டார். தெரு, பிறந்த தேதி, மனு எண் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, மைக்கில், என் தெருவோடு சேர்த்து என் பெயரை வாசித்தார். ஹாலில் எழுந்த கைதட்டலில் பாயின் விசில் தனியாகக் கேட்டது.

எனக்குப் பக்தி சுமார்தான். வேண்டுதலைப் பேரம் பேசியதை ஏற்கனவே சொல்லிவிட்டேன். ஆனால் அன்று என் பெயர்க்காரரின் வலதுகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாதாரணக் கை. நகத்தில் சுண்ணாம்பு. அத்தனை சீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு போய், அவ்வளவு பெயர்களையும் ஒதுக்கிவிட்டு, தன் பெயரையே இன்னொரு தடவை எடுத்து வந்த கை. அதற்குக் கணக்குத் தெரிந்தவர்கள் ஒரு காரணம் சொல்லலாம். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. அவர் என் தோளைத் தட்டி, "கூரியர் இனிமே ஒரே கட்டடத்துக்கு வரும். இன்னும் கொழப்பம்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கையெழுத்துப் போட்டேன். அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "பரவால்ல" என்றார் மேடம். "அடுத்த சீட்டை எடுங்க."

டிரம்முக்குள் கையை விட்டேன். நான் நினைத்ததைவிட ஆழம். முழங்கைவரை போயிற்று. சீட்டுகள் விரல்களைச் சுற்றிச் சலசலத்தன. எடுக்கத்தான் கைவிட்டேன், ஆனால் எதையும் பிடிக்க முடியவில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நழுவியது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். யாரோ ஒருத்தி பெயிண்ட் வாசனை போகாத வாசலில் கால் வைக்காமல் நிற்கிறாள். காலையிலிருந்து நான் கழித்துக்கொண்டிருந்த மிச்சம் இதுதான். நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை மேடை ஏறியிருக்கிறேன், ஒரு கூட்டம் என்னை இப்படிப் பார்த்ததில்லை. யாரும் இமைக்கவில்லை.

"எடுங்க சார், நேரமாவுது."

எடுத்தேன். மேடத்திடம் நீட்டினேன். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி, "நீங்கதான் மைக் செட்டுக்காரராச்சே, நீங்களே படிங்க" என்றார்.

தீபத்துக்கு வரும் கூட்டத்தில் தொலைந்தவர்களின் பெயர்களை வருடா வருடம் மைக்கில் கூப்பிடுகிறவன் நான். எந்தப் பெயரையும் இருமுறை சொல்லிப் பழக்கம். சீட்டைப் பிரித்தேன். ஒரு பெண்ணின் பெயர். மலையின் பெயர் இல்லை. வேறு யாரும் எழுந்து நிற்க முடியாத, நல்ல நீளமான பெயர். என் குரல் அப்போதுதான் திரும்பி வந்தது. பெயரைச் சொன்னேன், கணவர் பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன். பிறகு மறுபடியும், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, முதலிலிருந்து சொன்னேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். இடுப்பில் குழந்தை. நடக்க வரவில்லை அவருக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் குழந்தையை வாங்கிக்கொண்டு முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள். நாற்காலிகளுக்கு நடுவில் அவர் வந்துகொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில் என் மனைவி கொட்டியவற்றைப் பைக்குள் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டே, "மெதுவா வாம்மா, மெதுவா வா, ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்று அவருக்குக் கையை நீட்டினாள்.